கண்ட்ரோல் ஆமும் கணவரின் முதுகும்

இன்று காலை கணவரையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

நான் ரேஸ் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு, சக்கரத்தின் சாய்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கண்ட்ரோல் ஆம் என்ற இணைப்புக் கம்பி வேண்டியிருந்தது. போன ரேஸில் முன் டயர்களின் வெளி விளிம்பு தேய்ந்து, வளைவில் கார் வழுக்கி, கையில் இருந்த முதலிடம் போய்விட்டது.

கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது இவருக்கு.

"தம்பி, ரெண்டு வகை இருக்கு. மூட்டில ரப்பர் புஷ் போட்டது சொகுசு. இரும்பு மூட்டு வைச்சது வளைவில இறுக்கமா நிக்கும், ஆனா நல்லாக் குலுக்கும். எது வேணும்?"

இவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. ஆனால் நான் ஓட்ட, அந்தக் காரில்தான் ஜெயபுரத்தில் இருக்கும் தாயைப் பார்க்கப் போய்வருவார். போய்வந்தால் இரண்டு நாள் முதுகுவலி.

தாடியைத் தடவி, ஆழமாக யோசித்துவிட்டுச் சொன்னார்.

"ரப்பரைத் தாங்கோ அண்ணை. ரேஸுக்கு அதுதான் நல்லம்."

கடைக்காரர் மரியாதையோடு தலையாட்டினார்.

"அண்ணை, ரேஸ் ஓடுறது நான். இரும்பு மூட்டு வைச்சதை எடுங்கோ" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"என்ன தம்பி செய்வம்?"

இவர் பெருமூச்சு விட்டார். "அவா சொன்னதையே எடுங்கோ அண்ணை. நான் பஸ்ஸில போறன்."

மத்தியானமே பொருத்தியாயிற்று. கார் கத்தி மாதிரி வளைகிறது.

இவர் இப்போது பஸ்ஸுக்காக நிற்கிறார். ஜெயபுரம் பக்கம் போகிறவர்கள் யாராவது ஏற்றிக்கொண்டு போங்கோ. சீற் மெத்தென்று இருக்க வேண்டுமாம்.