கல்வெட்டு மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்ற பெயர்

போன கிழமை தெல்லிப்பழை மாஸ்டர் ஒருவரை என் ஓட்டோவில் யாழ்ப்பாணம் கூட்டிப் போனேன். ஓய்வுபெற்றவர். கல்வெட்டு வாசிப்பதில் பெரிய ஆள். அவருடைய வாழ்நாள் கடதாசிகளை — குறிப்பு, கடிதம், படம் — அங்கே ஒரு அலுவலகத்தில் கொம்பியூட்டரில் ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனார். நானும் கூட உள்ளே போனேன்.

சும்மா பட்டியல் இல்லை அது. ஒரு கடிதத்தில் ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயர் வருகிற மற்றக் கடதாசிகளோடும் ஊர்களோடும் ஆட்களோடும் கோடு போட்டு இணைக்கும். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாமாம்.

திரையில் நடுவில் மாஸ்டரின் பெயர். சுற்றிவரப் பெயர்கள். ஒரு பெயருக்கு மட்டும் கோடு கயிறு மாதிரித் தடித்திருந்தது.

மாஸ்டர் குனிந்து வாசித்தார்.

"உவன் ஏன் பிள்ளை எனக்குப் பக்கத்திலை நிக்கிறான்?"

உவன் — அவரும் கல்வெட்டுக்காரர்தான். இளமையில் சிநேகிதர். ஒரு கல்லில் ஒரு வரியை யார் முதலில் வாசித்தது என்று முறிந்தார்கள். அதன்பிறகு செத்தவீட்டுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

"நான் வைக்கேல்லை மாஸ்டர்" என்றாள் அங்கே வேலை செய்யும் பிள்ளை. "உங்கடை கடதாசியிலை அவரின்ரை பேர்தான் எல்லாரையும்விடக் கூட வருது."

"திட்டித்தானே எழுதினனான்."

"திட்டினாலும் இணைப்பு இணைப்புத்தான்."

"எடுத்துவிடு."

"எடுத்தா பாதிக் கடதாசி போயிடும். வைச்சாலும் கரைச்சல். அவர் உங்களுக்கு எழுதின கடிதங்களைப் போட அவரின்ரை சம்மதம் வேணும். ஆள் இப்ப படுக்கை. போனிலை கேட்டனாங்கள்... 'அவன் வந்து கேக்கட்டும்' எண்டிட்டார்."

மாஸ்டர் எழும்பி வந்து ஓட்டோவில் ஏறினார். நான் ஊருக்குத் திருப்பினேன்.

கோபம் என்றால் என்ன? ஒருவரை விடாமல் நினைப்பதுதானே. எனக்கும் ஒருவன் இருக்கிறான். காலையில் பல்லுத் தீட்டும்போதே மனதுக்குள் அவனோடு சண்டை தொடங்கிவிடும். பக்கத்தில் மனிசி தேத்தண்ணியோடு நிற்பது தெரியாது.

சுன்னாகம் தாண்டினதும் மாஸ்டர் என் தோளில் தட்டினார்.

"தம்பி, அடுத்த ஒழுங்கையிலை திருப்பு."

"உங்கடை வீடு நேரையெல்லோ மாஸ்டர்?"

"உவன்ரை வீட்டடியிலை இறக்கிவிடு."

விட்டேன். வாசல் படலையடியில் கொஞ்சம் நின்றார். சேட்டுக் கொலரைச் சரிசெய்தார். பிறகு கூப்பிடாமலே உள்ளே போனார்.

நான் எஞ்சினை நிறுத்தாமல் படலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே பயமாக இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல். படுக்கையில் கிடக்கிற ஆளின் குரல் மாதிரியே இல்லை.

"போடு! எல்லாக் கடிதத்தையும் போடு. ஆர் முதல் வாசிச்சதெண்டு உலகம் பாக்கட்டும்."

"பாக்கட்டும். அதுக்குத்தான் வந்தனான்" — இது மாஸ்டர். "நீ அண்டைக்கு அந்தக் கல்லைக் கண்ணாடியும் போடாமல் வாசிச்சனி."

"கண்ணாடி உனக்கெல்லோடா வேணும்."

நான் எஞ்சினை நிறுத்தினேன். இது இப்போதைக்கு முடிகிற சண்டை இல்லை.