பன்னிரண்டாம் கட்டிலின் காய்ச்சல்

என் அத்தை குழந்தைகள் வார்டில் நர்ஸ். பத்தொன்பது வருடமாக அதே வார்டு. பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பாள். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். சந்தேகப் பிராணி என்று நாங்கள் கேலி செய்வோம். அப்படிப்பட்டவளுக்கே பன்னிரண்டாம் கட்டிலைச் சந்தேகிக்க மூன்று வாரம் ஆனது.

அந்தக் கட்டிலில் ஐந்து வயதுப் பையன். விட்டு விட்டு வரும் காய்ச்சல். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றிலும் ஒன்றுமில்லை. குத்திக் குத்தி அவன் கையில் ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை. வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்துப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

அவனுடைய அம்மாவுக்கு வார்டில் 'சின்ன சிஸ்டர்' என்று பெயர். மருந்துப் பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். அழுகிற தாய்மாருக்கு ஆறுதல் சொல்வாள், பக்கத்துக் கட்டில் போர்வையையும் மடித்து வைப்பாள். இருபத்து நான்கு கட்டிலுக்கு இரண்டே நர்ஸ் என்பதால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தெர்மாமீட்டரை அம்மாக்களிடமே கொடுத்துவிடுவார்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும் எண்ணை நர்ஸ் எழுதிக்கொள்வாள். நாடித்துடிப்பை மட்டும் நர்ஸே எண்ணுவாள். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே என் அத்தைதான்.

திங்கட்கிழமை காலை பையனின் காய்ச்சல் தாள் நிரம்பிவிட்டது. அத்தை பழைய எண்களைப் புதுத் தாளில் எடுத்து எழுதினாள். காய்ச்சல் நூற்று மூன்று, துடிப்பு தொண்ணூற்றாறு. காய்ச்சல் இல்லாத நாள், துடிப்பு தொண்ணூற்று நான்கு. மறுபடி நூற்று மூன்று, துடிப்பு தொண்ணூற்றைந்து. எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. உடம்பு அப்படிக் கொதித்தால் குழந்தையின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள வேண்டும். இவன் நெஞ்சு ஒன்றுமே நடக்காதது போல் இருந்திருக்கிறது.

கூட வேலை பார்த்த இளைய நர்ஸிடம் தாளைக் காட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம். அந்தம்மா மூணு வாரமா கண்ணு மூடல."

"நானும் அதையேதான் எனக்குச் சொல்லிப் பாத்துக்கறேன்," என்றாள் அத்தை.

அவள் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன் ஒரு தாய், பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது என்று ஓயாமல் சொன்னாள். நாடகம் என்று அத்தை நினைத்தாள். மறுநாள் குடல்வால் வெடித்துவிட்டது. பிள்ளை பிழைத்தது, ஆனால் அந்தத் தாயின் முகத்தை அத்தையால் மறக்க முடியவில்லை. ஒரு தாயைத் தப்பாக நினைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும்.

மதியம் சின்ன சிஸ்டர் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அத்தை தானே தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். பையன் பழக்கத்தில் கையைத் தூக்கினான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"சிஸ்டர், வெந்நி டம்ளர் எங்க?"

"எதுக்குடா தங்கம்?"

"அம்மா அதுல போட்டுட்டுத்தானே பாப்பாங்க."

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டரை காட்டியது. அந்த அம்மா கழுவுவதற்காகக்கூட வெந்நீரில் போட்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டேதான் அத்தை டாக்டரின் அறைக்கு நடந்தாள்.

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க. கேட்டா பையனத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அடுத்த ஆஸ்பத்திரில முதல்லேர்ந்து ஊசி. இன்னைலேர்ந்து எல்லாக் கட்டிலுக்கும் நாமதான் அளக்கறோம். புது உத்தரவுன்னு சொல்லுங்க. புதன்கிழமை வரைக்கும் பாப்போம்."

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அளந்தார்கள்.

"உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் சிரமம், எங்கிட்ட குடுங்க," என்றாள் அந்த அம்மா.

"மேலிடத்து உத்தரவும்மா. நாங்க என்ன பண்றது?"

"இப்பத்தான் அனலாக் கொதிச்சுது. நீங்க வர்றதுக்குள்ள எறங்கிடுச்சு."

அத்தை நெற்றியைத் தொட்டாள். வியர்வைகூட இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது: பிளாஸ்க், தலையணைக்கடியில் இருந்த பை, பையனுக்கு ஊட்டிய கஞ்சி. அந்த அம்மா சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

புதன்கிழமை மதியம் சின்ன சிஸ்டர் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். "இங்க யாரும் சரியாப் பாக்கறதில்ல. நாங்க வேற எடம் போறோம்."

டாக்டர் முன்னாலேயே ஆள் அனுப்பியிருந்தார். பையனின் அப்பா லாரி ஓட்டுபவர். வண்டியை வழியில் போட்டுவிட்டு வந்திருந்தார். குழந்தைகள் நல அதிகாரியும் வந்தார். எல்லோரும் டாக்டரின் சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். அத்தை தாளை மேசைமேல் வைத்தாள்.

"இதுல என் நெனப்பு ஒண்ணும் இல்லீங்க. நாங்க அளந்தது பதினாறு தடவை. ஒரு தடவைகூடக் காய்ச்சல் இல்ல."

அப்பாவின் குரல் தடித்தது. "அப்ப எம் பொண்டாட்டி பொய் சொல்றாளா? புள்ளைக்காகப் பட்டினி கெடக்கறவ அவ."

அத்தை தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். சொல்ல அவளிடம் எண்கள்தான் இருந்தன. டாக்டர் மெதுவாக, மஜ்ஜை எடுக்கத் தேவையில்லை, பையன் நன்றாக இருப்பதாகத்தான் தெரிகிறது என்றார்.

அதுவரை குனிந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்தாள். "அப்ப நாளைக்கு எடுக்க மாட்டீங்களா?" பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் நிம்மதி இல்லை அதில், பயணம் ரத்தானவரின் ஏமாற்றம் இருந்தது.

அப்பா திரும்பி மனைவியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, பையன் இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

பிள்ளையை நோயாளியாக்கி அந்தக் கவனிப்பில் வாழ்வதும் ஒரு மனநோய்தானாம்; அந்த அம்மா இப்போது மனநல மருத்துவரிடம் போகிறாள். தினமும் நாலு மணிக்குப் பையனை ஒரு மணி நேரம் பார்க்கலாம். கூட ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்கு இரண்டு நாள் கழித்து அத்தை அளந்துகொண்டிருந்தபோது பையன் கேட்டான்: "எனக்குச் சுடுதா?"

"இல்லடா ராஜா."

"அப்ப அம்மா வர மாட்டாங்களா?"

"சுடாட்டியும் வருவாங்க."

நம்பாமல் அவளைப் பார்த்தானாம். நாலு மணிக்கு அந்த அம்மா வந்து அவன் தலையைக் கோதினாள். பையன் சிரித்தான். அத்தை அந்த ஒரு மணி நேரமும் அவளுடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.