புல்லின் மேல் போட்ட பழி

மின்வேலிப் பெட்டியை அடைக்க எந்தப் பசை சரி என்று இன்று யாராவது கேட்டால் என்னால் யோசிக்காமல் பதில் சொல்ல முடியும். மீனாட்சிபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் அந்தப் பெட்டிகளைப் பல வருடம் செய்து விற்றேன். மின்னணுவியல் படித்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பெட்டி பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. வெயிலில் சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து நொடிக்கு ஒரு தடவை வேலிக் கம்பிக்கு மின்சாரத்தை அடித்துவிடும். தொட்ட காட்டுப்பன்றி உதறிக்கொண்டு ஓடும், சாகாது. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டும் கொஞ்சம் செம்புக் கம்பியும். போர்டு ஆடாமல் நிற்க வேண்டும், மூடி வழியே ஈரம் புகக் கூடாது. எபாக்சிப் பிசின் ஊற்றினால் கல்லாகிவிடும், பிறகு பழுதுபார்க்க முடியாது. உருக்கி ஒட்டும் பசை எங்கள் ஊர் வெயிலில் இளகிவிடும். மிச்சம் இருப்பது சிலிக்கோன் பசை. அதில் இரண்டு வகை. ஒன்று குளியலறைக் கண்ணாடிக்குப் போடுவது. பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், சீக்கிரம் காயும், காயும்போது வினிகர் வாடை விடும். வாடை இல்லாத மற்றது மெல்லத்தான் காயும், கோயம்புத்தூரில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். வாடை விடுகிற வகையிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். பசைக் குழாயோடு வந்த தாளில் அதை எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்தேன்.

அந்த வருடம் மலை மேலே காந்தலூரில் உருளைக்கிழங்கு முற்றுவதற்குள் பெட்டிகள் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். கோயம்புத்தூர்ச் சரக்கு வரவில்லை. பக்கத்துக் கடைக் குழாயையே எடுத்துக் கொடுத்தேன். பட்டறையில் ஒட்டுகிற வேலை பார்த்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

“ஏனுங்க, புளிச்ச நாத்தம் அடிக்குதுங்க. கண்ணெல்லாம் எரியுது.”

“காஞ்சா போயிருமுங்க. சன்னலத் தொறந்து வைங்க.”

“நமக்குச் சன்னல் இருக்குதுங்க. பொட்டிக்குள்ள இருக்கறதுக்கு?”

இரண்டு பேரும் சிரித்தோம். வாடை போவதற்கு முன்பே மூடியைப் போடச் சொன்னேன்.

எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அதே பெட்டிகள் ஓடின. இங்கே காற்று காய்ந்தது. காந்தலூரில் பாதி நாள் மூடுபனி. மூன்றாம் மாதம் அங்கிருந்து ஒரு விவசாயி போன் செய்தார். வேலி செத்துவிட்டது, பன்றிகள் இறங்கிக் கிழங்குக் காட்டில் பாதியை உழுதுபோட்டுவிட்டன என்றார்.

மறுநாள் போனேன். ஜீப்பின் பின்பக்கம் வைத்துப் பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை முகத்தில் அடித்தது. செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒரு கம்பி தொட்டதும் உதிர்ந்தது. விவசாயியும் அவர் மனைவியும் தள்ளி வேலி ஓரத்தில் நின்றிருந்தார்கள். கம்பியில் புல் பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அந்தப் புல்லை வெட்டுவது மனைவியின் வேலை.

“புல்லா சார்?” என்று விவசாயி கத்திக் கேட்டார்.

மூடியைப் போட்டேன். “ஆமா, புல்லுதான்” என்று நானும் கத்திச் சொன்னேன்.

“நேத்துக்கூட வெட்டுனேனே” என்றார் அவர் மனைவி.

“வெட்டுன லட்சணத்தப் பன்னி வந்து பாத்துட்டுப் போயிருக்கு” என்றார் விவசாயி. பக்கத்துக் காட்டில் சிரித்தார்கள்.

பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்று எடுத்து வந்தேன். வாடையில்லாத பசை போட்ட வேறொன்றை அனுப்பினேன். அது இன்று வரை ஓடுகிறது. பழி உறுதியானது அதனால்தான். திட்டு வாங்கிய பிறகு அந்த அம்மா காலையும் மாலையும் வெட்டினார், வேலி சாகவில்லை. முன்பு சோம்பல்பட்டிருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. மற்ற பெட்டிகளை, புது மாதிரி வந்திருக்கிறது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். அதற்காக மேலே போகும்போதெல்லாம் அவர் வேலி ஓரத்தில் குனிந்திருப்பார். தம்பி மகள் கல்யாணத்துக்குப் போய் ஒரு இரவுகூடத் தங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். “பன்னிக்கு வாசல் தெறந்தவ” என்று விவசாயி என் முன்னாலேயே சொல்வார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன வருடம் பட்டறையை மூடினேன். முழங்கால் போய்விட்டது, தூக்கமும் சரியில்லை. சென்ற மாதம் பஸ் ஏறிக் காந்தலூர் போனேன். அந்த அம்மா வேலி ஓரத்தில்தான் இருந்தார். தலை வெளுத்திருந்தது. பசை, வாடை, களிம்பு, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க? நான் புல்லு வெட்டுனது எனக்குத் தெரியும். அவர்ட்ட சொல்லுங்க.”

விவசாயி வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். “என்ன?” என்றார்.

“சத்தமாச் சொல்லுங்க சார். அன்னைக்குப் புல்லுன்னு சொன்னது நாலு காடு தள்ளிக் கேட்டுச்சு” என்றார் அந்த அம்மா.

கத்தினேன். “பொட்டி கெட்டது என்னாலதானுங்க. பசை தப்பு. புல்லு இல்லீங்க.”

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லல.”

பக்கத்துக் காட்டில் ஒருவர் நிமிர்ந்து நின்று, “என்னக்கா சத்தம்?” என்றார்.

“பழைய புல்லு விசயம். சார் சொல்றாரு, கேட்டுக்க” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

பக்கத்துக் காட்டுக்காரருக்கும் ஒரு தடவை கத்திச் சொன்னேன்.