பாம்புன்னு எழுதினாத்தான் வருவாங்க

எங்க வீட்டுக்காரர் கிளமெண்ட், முப்பத்தி நாலு வருசம் மிஷன் ஸ்கூல்ல கிளார்க்கா இருந்தவுக. அதே ஸ்கூல்ல நான் அஞ்சாம் வகுப்பு டீச்சர். பட்டா மாறுதலா, விதவை உதவித்தொகையா, யாருக்கு மனு எழுதணும்னாலும் அவுககிட்டதான் வந்து நிப்பாக. அவுக எழுதுன மனு எந்த ஆபீஸ்லயும் திரும்பி வந்ததில்ல. ஊருக்கெல்லாம் எழுதுற மனுசன், சொந்த வீட்டுக் குழாய் ஒழுகினா பிளம்பருக்குப் போன் போட ஒரு வாரம் யோசிப்பாக. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ரிடையர் ஆன மறுவருசம் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாச்சு. தினம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. திருநகர்ல எங்க தெருக்கடைசியில ஒரு ஓடை. கீழக்குயில்குடி மலைப்பக்கம் பெய்யுற மழைத்தண்ணி அதுல வரும். மத்த நாள்ல எங்க எல்லார் வீட்டுச் சாக்கடையும்தான். நான் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் அந்தப் பாலத்தைத் தாண்டுவேன். இவுக அங்கேயே நின்னுட்டாக. மொத நாள் ஒரு மீன்கொத்தியப் பாத்தாகளாம். அம்புட்டுதான், அன்னையில இருந்து அதே கதி.

மக ஷெரின் பெங்களூர்ல இருந்து பைனாகுலர் ஒண்ணு அனுப்பி வச்சா. அவளைச் சொல்லணும். லுங்கியோட, கழுத்துல அந்தச் சனியனை மாட்டிக்கிட்டு, விடிஞ்சும் விடியாம சாக்கடையை உத்துப் பாக்குற ஆம்பளையை நாலு பேரு என்ன நினைப்பாக? அக்கரையில ஒரு பொம்பளை, "டீச்சர், சாரு எங்க மொட்டைமாடியையா பாக்குறாரு?"ன்னு என்கிட்டயே கேட்டுட்டா. மானம் போச்சு. வீட்டுக்கு வந்து கத்துனேன். "நீயும் ஒரு நாள் வந்துதான் பாரேன் ஜோசபின்"னாக.

போனேன். ஓடைக்கரையில ஆளுசரத்துக்கு மண்டிக் கிடக்குற சம்பங்கோரைப் புதருக்குள்ள கானாங்கோழி ஒண்ணு. மூஞ்சியும் நெஞ்சும் வெள்ளை, முதுகு கருப்பு, வாலைத் தூக்கித் தூக்கி நடக்குது. பின்னாலேயே கட்டெறும்புக் கூட்டமாட்டம் அஞ்சு குஞ்சு. முதல் குஞ்சு நின்னா அம்புட்டும் நிக்குது. முப்பது வருசம் அசெம்பிளியில நான் பிள்ளைகளை அப்படி நிக்க வைக்கப் படாத பாடு பட்டிருக்கேன். சிரிச்சுட்டேன். அப்புறம் நானும் வாரேன்னு தினம் கிளம்ப ஆரம்பிச்சேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன்.

இதுல மண்ணைப் போட்டது கறிக்கடைக்காரனுக. கோழிக்கழிவை மூட்டை மூட்டையா ஓடைக்கரையில தள்ளிட்டுப் போயிருவானுக. அதுக்கு நாய் வந்துச்சு. நாய் வந்தா குஞ்சு தப்புமா? ஒரே வாரத்துல அஞ்சும் காலி. தாய்க்கோழி திரும்பவும் அதே கோரையில ஆறு முட்டை வச்சுச்சு. இதையாவது காப்பாத்திறணும்னு இவுக மனு எழுதுனாக. பதினெட்டு வகைப் பறவை இருக்கு, கழிவு கொட்டுறதைத் தடுக்கணும்னு அருமையான மனு. பதிலே இல்ல. கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நேர்ல போய்க் கேட்டதுக்கு, அங்க இருந்த ஆபீசர் "கொக்கு குருவிக்கெல்லாமா சார் மனு?"ன்னு சிரிச்சானாம்.

அன்னைக்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிவக்குமாரும் எங்க வீட்டுலதான் காபி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "இம்புட்டு வருசம் ஊருக்கு மனு எழுதி என்னத்தக் கிழிச்சீக? கோழிக்கு எந்த ஆபீசர் வருவான்? பாம்புன்னு எழுதுங்க. டெங்குன்னு எழுதுங்க. அலறி அடிச்சுக்கிட்டு வருவான்"னேன்.

"அங்க கிடக்குறது சாரைப்பாம்பு ஜோசபின். எலியைத்தான் புடிக்குது, பாவம்."

"பாவம் பாத்தா முட்டை பொரியுமா?"

எழுதுனாக. 'புதர் மண்டி, விஷப்பாம்புகள் நடமாட்டம் மிகுந்து, டெங்கு பரவும் அபாயத்தில்...' கழிவுக்கு நடவடிக்கைன்னு கடைசியில ஒரு வரி. சிவக்குமார் அலைஞ்சு அறுபது கையெழுத்து வாங்குனாரு. திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுத்தோம்.

ஒன்பதாம் நாளே வந்துட்டானுக. அன்னைக்குன்னு நாங்க காளவாசல்ல டாக்டரைப் பாக்கப் போயிருந்தோம். மத்தியானம் ஆட்டோவை விட்டு இறங்குனா ஜேசிபி சத்தம். பாலத்துல இருந்து கிழக்க வளைவு வரைக்கும் ஒரு புல்லு இல்ல. மொட்டை. "நிப்பாட்டுப்பா, நிப்பாட்டு"ன்னு இவுக ஓடுறாக. ஸ்டென்ட் வச்ச மனுசன் ஓடுறாக, நான் பின்னால ஓடுறேன். சூப்பர்வைசர் செல்போன்ல மனுவைக் காட்டுனான். "கிளமெண்ட்னு ஒரு பெரியவர் குடுத்தது சார். பாம்பு தொல்லையாம், புதரை வேரோட எடுக்கச் சொல்லி உத்தரவு."

கோரை, சேறு, முட்டை எல்லாம் டிப்பர்ல ஏறியாச்சு. தாய்க்கோழி மொட்டைக் கரையில அங்கிட்டும் இங்கிட்டும் கத்திக்கிட்டே நடந்துச்சு. கழிவு மூட்டை மட்டும் வச்ச இடத்துலயே இருந்துச்சு. அதை அள்ளுறது வேற டிபார்ட்மெண்டாம்.

ஞாயித்துக்கிழமை சங்கத்துல கூட்டம் போட்டு இவுகளுக்குப் பொன்னாடை போத்துனாக. "சார் ஒரு மனு போட்டாரு, ஒன்பதே நாள்ல ஓடை பளிச்"னு சிவக்குமார் மைக்கில சொல்ல, ஒரே கைதட்டு. இவுக குனிஞ்ச தலை நிமிரல. அடக்கம்னு நினைச்சுக்கிட்டாக, மடப்பயலுக.

ரெண்டு மாசம் இவுக வாசப்படி இறங்கல. ஒருவாய் சோத்துக்கு மேல இறங்கல. என்னைய ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. சொல்லியிருந்தாக்கூட ஆறியிருக்கும். கடைசியில நான்தான் கையப் புடிச்சு, பாலத்துக்கு மேக்க, ஜேசிபி தொடாத பக்கமா இழுத்துட்டுப் போனேன். நாலாம் நாள் கோரைக்குள்ள ஒரு கத்தல். அதே கோழிதானான்னு யாருக்குத் தெரியும்? பின்னால மூணு குஞ்சு. இவுக அழுதுட்டாக. அன்னைக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கித் தின்னாக.

அந்த வாரமே சிவக்குமார் வந்தாரு, வாயெல்லாம் பல்லு. "சார், மேலத்தெருக்காரங்க உங்க மனுவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, தெருப் பேரை மட்டும் மாத்திக் குடுத்துட்டாங்க. உத்தரவும் வந்துருச்சு. பாலத்துக்கு மேக்க மொத்தமும் நாளைக்கு கிளீன். நீங்கதான் வந்து ஆரம்பிச்சு வைக்கணும்."

இவுக சேரை விட்டு எந்திரிச்சுட்டாக. "தம்பி, அங்க கானாங்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு. மூணு குஞ்சு."

சிவக்குமார் முகம் நெசமாவே வாடிப்போச்சு. "அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார். அதையும் மனுவுல சேத்திருப்போமே, கோழியால நோய் பரவுதுன்னு."

அவரு கேலி பண்ணல. எங்களுக்கு உதவுறதாத்தான் நினைச்சாரு. வாய் வரைக்கும் வந்த வசவை நான் முழுங்கிட்டேன். எப்படி எழுதினா ஆள் வரும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்த டீச்சர் நான்தான்.