அத்தான் படகின் நான்கு ஒட்டுகள்

அந்த ரப்பர் படகு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது வைகாசி முடியப்போகிற சமயம். சுருட்டித் தார்ப்பாயில் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் பிதுங்கிக்கொண்டிருந்த மஞ்சள் பட்டை நான் ஒட்டியது.

ஸ்ரீவைகுண்டத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, காற்றடிக்கிற படகுகளைப் பழுதுபார்க்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் பல வருஷம் இதே வேலை செய்துவிட்டுத் தனியாக வந்தவன். வாழைத் தோட்டத்து நடுவே படகு வேலையா என்று கேட்பவர்களிடம், உப்புக்காற்று இல்லாத இடத்தில் பசை நன்றாகப் பிடிக்கும் என்பேன். அது பாதிதான் உண்மை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் இங்கேயும் காற்று ஈரமாகத்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, புதுப் படகும் கூடவே வந்துருக்கு" என்றார் ஆட்டோக்காரர். "கப்பல் கம்பெனில சொன்னாவ, பழசுல இருக்க பேடு நாலையும் எடுத்துப் புதுசுல ஒட்டணுமாம். புதுப் பேடு வெளிநாட்டுல இருந்து வர மாசக்கணக்காவுமாம்."

பேடு என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, வட்டமான ரப்பர் துண்டு. அதன் நடுவில் ஓர் எஃகு வளையம். பெரிய படகின் ஓரத்தில் இரண்டு இரும்புக் கைகள் நிற்கும், டேவிட் என்பார்கள். அவற்றிலிருந்து இறங்கும் கயிறுகளின் கொக்கிகளை இந்த வளையங்களில் மாட்டித்தான் சின்னப் படகைக் கடலில் இறக்குவதும் ஏற்றுவதும். ஆளோடு சேர்த்துத் தூக்கினால் அத்தனை பாரத்தையும் தாங்குவது அந்த நான்கு ஒட்டுகள்தான்.

என் அக்காவின் கணவர் இந்தப் படகிலிருந்து விழுந்துதான் இறந்தார்.

அத்தான் கடற்கரைக்காரர். பதினைந்து வயதில் கடலுக்குப் போனவர். கடைசி ஆறு வருஷம் கடலின் ஆழம் அளக்கும் ஒரு சிறு கப்பலில் வேலை. "டேவிட்டுன்னு ரெண்டு பேரு இருக்கானுவ மாப்ள, சம்பளமே வாங்காம வேல செய்யுதானுவ" என்று சிரிப்பார். அந்தக் கப்பலின் படகுக்குப் பேடு ஒட்டும் வேலையை எனக்கு வாங்கித் தந்ததும் அவர்தான்.

அது கார்த்திகை. விட்டு விட்டு மழை. ஈரக்காற்றில் பசை பூசக்கூடாது என்று எனக்குத் தெரியும். கப்பல் கிளம்பவேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். கொட்டகையை மூடி, இரண்டு பெரிய பல்புகளை எரியவிட்டு, அந்தச் சூட்டில் ஒட்டினேன். ஏழு நாள் பாரம் ஏற்றாதீர்கள் என்று சொல்லியனுப்பினேன். நான்காம் நாளே மாட்டித் தூக்கியதாகக் கேள்விப்பட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

மாசியில் ஒருநாள் படகை மேலே ஏற்றும்போது அதன் ஒரு முனை தொங்கிவிட்டது. உள்ளே இருந்த அத்தான் கப்பலுக்கும் படகுக்கும் இடையில் விழுந்தார். ஒட்டு விட்டுப்போனதாம் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களும் என் காதுபட அதையே சொன்னார்கள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் அக்கா கேட்டாள். "ஏலே, நீ ஒட்டுனதுதான் விட்டுச்சா?"

"தெரியலக்கா" என்றேன்.

தெரிந்துகொள்ளப் போயிருக்கலாம். படகு துறைமுகத்து ஷெட் ஒன்றின் வெளியேதான் கிடந்தது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். போகவில்லை. அன்றிலிருந்து அக்கா என்னிடம் சொல்லவேண்டியதை என் மனைவியிடம் சொல்லியனுப்பினாள். ஒரே தெருவில் இரண்டு வீடுகள். ஒன்றேகால் வருஷம் இப்படிப் போனது.

ஆட்டோ போன பிறகு வெகுநேரம் அந்தக் கட்டைப் பார்த்தபடி நின்றேன். பிறகு அவிழ்த்து, விரித்து, காற்றடித்தேன். வெயிலில் கிடந்து அடித்துணி மட்கியிருந்தது. பேடு நான்கும் இருந்தன. குனிந்து ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் சுற்றி வந்தேன். எங்கும் ஒரு நூல் அளவுகூடத் தூக்கவில்லை. நாலாவதைத் தொட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

அந்தக் கப்பலில் அத்தானோடு இருந்த மூத்த ஆள் ஒருவரை போனில் பிடித்தேன். முதலில் மழுப்பினார். படகு என் முன்னால்தான் இருக்கிறது என்றதும் குரல் இறங்கியது.

"ஒட்டு இல்ல வே. கொக்கிதான். ஒண்ணுல வாய அடைக்கிற நாக்கு ஒடிஞ்சிருந்துச்சு. அல தூக்குனதும் கயிறு தொய்ஞ்சு, வளையத்துல இருந்து கழண்டுட்டு."

"தெரிஞ்சுமா வச்சிருந்திய?"

"எல்லாருக்கும் தெரியும்வே. உம்ம அத்தானுக்கும் தெரியும். அவருதான் ஒரு கயித்துத் துண்ட வச்சுக் கட்டிருந்தாரு. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தோம்."

மனைவியை அனுப்பி அக்காவை வரச்சொன்னேன். அவள் வந்து கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"இது அவுக போன படகா?"

"ஆமாக்கா. நாலு பேடும் அப்படியே இருக்கு. நீயே பாரு."

உள்ளே வந்து மண்டியிட்டாள். ஒரு பேடின் விளிம்பில் நகத்தை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. அடுத்ததில் பார்த்தாள். நான்கிலும் பார்த்தாள்.

"அப்ப எப்படிலே விழுந்தாக?"

கொக்கியில் நாக்கு ஒடிந்திருந்ததைச் சொன்னேன். அலை தூக்கியதைச் சொன்னேன். "போதும்லே" என்றாள்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் படகின் விளிம்பில் கையை ஊன்றி எழுந்து, புடவையிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"உன்னய நெனச்சுத்தாம்லே இம்புட்டு நாளும் ஆத்திரப்பட்டேன். அதுக்கு ஒரு ஆளு இருந்துச்சு. இனி நான் யாரச் சொல்ல?"

அவள் போய்விட்டாள்.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். சூடான காற்றை ஊதும் மெஷினை ஒரு கையிலும் மழுங்கிய கத்தியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, விளிம்பைப் பையச் சூடாக்கி, விரற்கடை விரற்கடையாகப் பிரிக்கவேண்டும். அவசரப்பட்டால் பேடு கிழிந்துவிடும். முதல் பேடு வருவதற்கே மதியமாகிவிட்டது. என் பசை அவ்வளவு பிடித்திருந்தது. ஒவ்வொன்று பிரியும்போதும் எனக்கு ஆறுதலும் வந்தது, அதற்காக வெட்கமும் வந்தது.

மூன்றாவது பேடில் இருந்தபோது அக்கா வந்தாள். பிரிந்த ஓரத்தை ஒரு குறட்டால் பிடித்து, நான் சூடு காட்டக் காட்ட மெல்ல இழுத்துக்கொடுத்தாள். கை சுட்டிருக்கும். விடவில்லை.

பேடுகளின் முதுகில் இருந்த பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். அளந்து குறித்து, புதுப் படகிலும் தேய்த்து, தின்னரால் துடைத்து, மூன்று தடவை மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு தடவையும் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தேன். இந்த முறை காற்று காய்ந்திருந்தது. ஏழு நாள் முழுதாக விட்டேன். பிறகு படகில் தண்ணீர் டிரம்களை ஏற்றி, பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டேன். அசையவில்லை. அனுப்பும்போது நான்கு புதுக் கொக்கிகளையும் வாங்கிக் கட்டி வைத்தேன். யாரும் கேட்கவில்லை.

அக்கா இப்போது என்னிடம் நேராகப் பேசுகிறாள். சாப்பிட்டியா, மழை வரும்போல இருக்கு, அவ்வளவுதான். போனில் அந்த ஆள் கடைசியாகச் சொன்னதை, கொக்கியின் நாக்கு ஒடிந்தது அத்தானுக்கும் தெரியும் என்பதை, நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குக் கோபப்பட மறுபடியும் ஓர் ஆள் கிடைக்கும். அது அவராக இருக்கவேண்டாம்.