சிந்தாத டீ

விக்டோரியா குதிரை வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் ஒரு மீசைக்காரரை அறுபதுகளில் தாராவியில் சந்தித்தேன். வேலை முடிந்ததும் தளும்பத் தளும்ப டீ கிளாஸோடு மாட்டுங்கா வரை அதே வண்டியில் போவார். சட்டையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாவிட்டால் ஸ்பிரிங் சரி என்று அர்த்தம். அன்று எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்து ஏற்றிக்கொண்டார்.

இறங்கும்போது என் வெள்ளைச் சட்டை முழுக்க டீ. அவர் சட்டை காய்ந்திருந்தது, கிளாஸ் காலி.

“அண்ணாச்சி, ஸ்பிரிங் சரியில்லையே?”

“பட்டையில என்ன குத்தம்? பள்ளம் வாறதுக்கு முந்தியே ஒரு வாய் குடிச்சிரணும்லா, சார்!”

முன்னால் உட்கார்ந்து ஓட்டிவந்த வண்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு மீசைக்காரரின் சட்டையைத் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.