பின்பக்க ஸ்பீக்கர்

பதினேழு நாள். ரெய்னோ சல்மேலா இறந்த பதினேழாவது நாள் மாலையில் இது நடந்தது. நிஜமாகவே நடந்தது. நானாக ஜோடித்திருந்தால் ஒரு புயலையாவது, கரண்ட் போனதையாவது சேர்த்திருப்பேன். அன்று புயல் இல்லை, கரண்டும் போகவில்லை. ஒரு பழைய ஹோம் தியேட்டர், ஒரு புது டிவி, ஒரு தாய், ஒரு மகள், சில எண்கள்.

அந்த எண்களுக்குத்தான் இன்றுவரை யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

கனடாவின் தண்டர் பே, ஜனவரி மாதம். அஞ்சு மணிக்கு முன்பே ஜன்னல் கண்ணாடி நீலமாகிவிட்டது. ரெய்னோவின் மகள் மெர்வி, டிவி மேஜைக்குப் பின்னால் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா இர்யா தன் சாய்வு நாற்காலியில் இருந்தாள். டிவியில் கர்லிங் ஆட்டம். கற்கள் பனியில் சத்தமில்லாமல் சறுக்கின.

பதினேழு நாளாக அம்மா டிவியை அப்படித்தான் பார்க்கிறாள். சத்தத்தை அணைத்துவிட்டு. பேச்சும் இல்லை. சூப்பை வைத்தால் நாலு கரண்டி குடிப்பாள். போன் அடித்தால் எடுக்க மாட்டாள். மெர்விக்கும் இன்னும் அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் தேவலை.

போன் அடித்தது. வின்னிபெக்கிலிருந்து அண்ணன் டேல்.

"என்னடி, வயரை நோண்டி ஷாக் அடிச்சுப் போய்ச் சேந்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துடுவேன். அம்மாவுக்கு ரெண்டு பெட்டி போதும்னு முதியோர் ஹோம்ல சொன்னாங்க. ரெடி பண்ணி வை."

"டேய் அண்ணா, அம்மாவுக்கு மூளையில ஒரு கோளாறும் இல்லடா. காதுதான் மந்தம். சாவுக்கு வந்தப்ப நீ வாங்கிக் கொடுத்தியே டிவி, அதோட சத்தம் வெறும் தகரம். பேசுறது எதுவும் விளங்கல, அதான் சத்தத்தை அணைச்சுட்டாங்க. அப்பாவோட ஸ்பீக்கரை மாட்டிட்டா கேக்கும்."

"கேட்டா?"

"நாளைக்கு நீ வரும்போது ஆட்டத்தைப் பாத்துத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. அப்ப அவங்களை இங்கயே விட்டுட்டுப் போவியா?"



"ஒரு கெட்ட வார்த்தை என் காதுல விழட்டும். விட்டுட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டு மெர்வி மறுபடி தரையில் படுத்தாள்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் புது டிவியின் கேபிளுக்குத் துளை இல்லை. ஆனால் இரண்டிலும் ஒளிக் கேபிளுக்கு இடம் இருந்தது. மெல்லிய கேபிள். ஒரு முனையை டிவியில் செருகினாள். மறுமுனையில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. அதை ஆம்ப்ளிஃபயரில் செருகினாள்.

முன்பக்க ஸ்பீக்கர்களின் வயர்கள் சரியாக இருந்தன. பின்பக்கத்து இரண்டு வயர்களும் பிடுங்கப்பட்டிருந்தன. கழற்றியவை அல்ல, பிடுங்கியவை. செம்பு இழைகள் பாதி அறுந்து சுருண்டிருந்தன. டிவி மாட்ட வந்தவர்களின் அவசரம் என்று நினைத்தாள். இழைகளை முறுக்கி, பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் பார்த்துப் பார்த்து மாட்டினாள்.

பின்பக்க ஸ்பீக்கர்கள் அப்பாவின் செல்லம். யார் வந்தாலும் அம்மாவின் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் போடுவார். படத்தில் பின்னால் ஒரு கதவு கிறீச்சிடும். வந்தவர் திடுக்கிட்டுத் திரும்புவார். அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார். "ஏமாந்தியா! மாட்டிக்கிட்டியா!" அம்மாவையும் விட்டுவைத்ததில்லை. முதல் வருஷம் அம்மா ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். பிறகு பல்லைக் கடித்துப் பழகிக்கொண்டாள். அவளைத் திரும்பவைக்க அப்பா எத்தனையோ படங்கள் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. இந்த ஆம்ப்ளிஃபயருடன் ஒரு சின்ன மைக் உண்டு. கேட்பவர் உட்காரும் இடத்தில் அதை வைக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக 'டப்' என்று ஒரு சத்தம் போடும். அது மைக்குக்கு வந்து சேரும் நேரத்தை வைத்து, கேட்பவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும்.

அம்மா எழுந்திருக்கவில்லை. மெர்வி மைக்கை நாற்காலியின் தலைப்பக்கத்தில், அம்மாவின் காதோரம், டேப் போட்டு ஒட்டினாள்.

"அம்மா, ரெண்டு நிமிஷம். பேசக் கூடாது, சரியா?"

அம்மா எங்கே பேசினாள்?

4:52. பொத்தானை அழுத்தினாள். உடனே நின்றது. ஆம்ப்ளிஃபயரின் பச்சை எழுத்துகள் சொல்லின: 'அறையில் இரைச்சல் அதிகம்.'

மெர்வி காதைத் தீட்டினாள். ஹீட்டர் காற்றின் உறுமல் மட்டும். அதை அணைத்தாள். ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினாள். வீடு அப்படியே அமுங்கிப்போனது. மறுபடி அழுத்தினாள்.

'அறையில் இரைச்சல் அதிகம்.'

ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் மூச்சுகூடக் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டது. டப்... டப்... டப்... சத்தம் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

நடு ஸ்பீக்கர்: பத்தொன்பது அடி.

மெர்விக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் நாற்காலி டிவியிலிருந்து ஒன்பது அடி. அளவு டேப் வைத்து அளந்தாள். ஒன்பதேதான். பழைய மிஷின், நேரத்தைத் தப்பாகக் கணக்கிடுகிறது என்று நினைத்தாள். ஆனால் அப்படியென்றால் எல்லா ஸ்பீக்கருமே தள்ளிக் காட்ட வேண்டும். வலது பின் ஸ்பீக்கர் ஆறு அடி என்றது. அது சரிதான். இடது பின் ஸ்பீக்கர் பத்து.

பௌதிகம் படித்தவள். கை சும்மா இருக்கவில்லை. மூன்று தூரங்களும் சந்திக்கும் இடத்தை அளவு டேப்பால் தேடினாள். இருந்தது. அம்மாவுக்குப் பின்னால், வலது பக்கம். வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்ட் அறைக்கு இறங்கும் படிக்கட்டின் வாசல். ஒட்டும் நீல டேப்பைக் கிழித்துக் கார்ப்பெட்டில் ஒரு பெருக்கல் குறி ஒட்டினாள்.

அப்பா விழுந்த இடம். ஹீட்டருக்கு ஃபில்டர் மாற்றிவிட்டு மேலே ஏறி வந்தவர், வாசலிலேயே விழுந்துவிட்டார். உடனே போய்விட்டார். ஒரு சத்தமும் வரவில்லை. அன்று போனில் அம்மா சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

தற்செயல், என்று மெர்வி தனக்குச் சொல்லிக்கொண்டாள். வயர்களை இன்னொரு முறை இறுக்கினாள். மைக்கைக் கழற்றி ஊதி, மறுபடி ஒட்டினாள்.

5:07. டப்... டப்... டப்...

நடு: பதினாறு. வலது பின்: நாலு. இடது பின்: எட்டு.

அளந்தாள். வாசலிலிருந்து மூன்று அடி உள்ளே. இரண்டாவது குறி.

ஹீட்டர் இல்லாமல் அறை குளிர்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்தன. கண்கள் டிவியில்.

"குளிருதாம்மா?"



5:13. நடு: பதிமூன்று.

மூன்றாவது குறி. மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. வாசலிலிருந்து... நாற்காலியை நோக்கி.

மெர்வி டிவிப் பக்கம் வந்து நின்றாள். அங்கிருந்து முழு அறையும் தெரிந்தது. நாற்காலி. அதற்குப் பின்னால் கார்ப்பெட். நீலக் குறிகள். வேறு ஒன்றும் இல்லை.

பயம் வரவில்லை. அதுதான் அவளுக்கே வினோதமாக இருந்தது. விரல் நுனிகள் மட்டும் தன்னுடையவை இல்லாதது போல...

இதோடு நிறுத்தியிருக்கலாம்.

5:16. அழுத்தினாள்.

டப்...

டப்...

வலது பின் ஸ்பீக்கரிலிருந்து 'டப்' வரவில்லை. வேறு ஒன்று வந்தது. நீளமாக. ஈரமாக. மூச்சா, முனகலா... வாயை மூடிக்கொண்டு யாரோ எதையோ சொல்ல முயல்வது போல.

அம்மா திரும்பவில்லை.

மெர்வி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தாள்.

நடு: பத்து. வலது பின்: ஆறு. இடது பின்: ஆறு.

அம்மாவின் நாற்காலிக்கு நேர் பின்னால். ஒரு அடி.

"எத்தனை அடி?"

கேட்டது அம்மா. பதினேழு நாளில் முதல் பேச்சு. குரல் துருப்பிடித்திருந்தது.

"பத்து" என்றாள் மெர்வி.

அம்மா தலையசைத்தாள். எதிர்பார்த்த விடை போல.

"அணைச்சிடு."

மெர்வி அணைத்தாள். பச்சை எழுத்துகள் மறைந்தன.

"டேல் நாளைக்கு வரட்டும். நான் அவன்கூடப் போறேன்."

"அம்மா, நீங்க போக வேண்டாம். காது கேக்குதுல்ல உங்களுக்கு... நான் அவன்கிட்ட சொல்றேன்..."

"காதெல்லாம் நல்லாத்தாண்டி கேக்குது. அன்னைக்கும் கேட்டுச்சு."

மெர்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். டிவியில் யாரோ வென்று, யாரோ கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வயரைப் பிடுங்கினது நான்தான்."

"ஏம்மா?"

"அன்னைக்கு ஒரு படம் ஓடிட்டு இருந்துச்சு. பனியில மாட்டிக்கிட்ட ஒருத்தன். கத்துவான், முனகுவான். உங்கப்பா கீழ இருந்தார். தொப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு, பின்னாலேருந்து. அப்புறம் முனகல். என் பேரெல்லாம் சொல்லல. வாய் கோணிப் போயிருக்கும்... பேச வந்திருக்காது. முதல்ல தள்ளிக் கேட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் கிட்ட. அப்புறம் இன்னும் கிட்ட. இந்த மனுஷனோட ஸ்பீக்கர் என்னமா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்டி. சத்தத்தை இன்னும் கூட்டி வச்சேன்."

மெர்வியின் கண் நாற்காலிக்குப் பின்னாலிருந்த நீலக் குறிகளுக்குப் போனது.

"படம் முடிஞ்சு எந்திரிச்சேன். அவர் கை இந்த நாற்காலிக் காலைப் பிடிச்சிருந்துச்சு."

அம்மாவின் கழுத்து அசையவே இல்லை. இப்போதும்.

"உங்கப்பா கீழேருந்து வந்து என்னை ஏமாத்தப் பாக்குறார்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. சிரிச்சுக்கிட்டேன்கூட. நாலு தடவை கூப்பிட்டார், மெர்வி. நாலு தடவையும் நான் திரும்பல."